பார்த்தவர்கள் பலர், கேட்டவர்கள் சிலர்

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று அது அடுக்கிக்கொண்டே போகும். மாற்றலாகி இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். புதிதாக வந்தவரும் காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தபோது வெறும் மணலைத்தான் பார்த்திருப்பார். ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளையும் பார்த்திருப்பார். எனவே சொன்னது சரிதான் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. மறுவருடம் புதிதாக வருகிற இன்னொருவருக்கு அவரே அதைச் சொல்கிறார்.

அந்தச் சொலவடையில் உள்ள கோயில், கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில். கோட்டை படைகளின் கைக்குப் போன பிறகு நீண்ட காலம் அங்கே வழிபாடு இல்லை, மூலவர் இல்லை என்பது உண்மை. ஆனால் 1981ஆம் ஆண்டு, சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கத்தை ஊர்மக்கள் கொண்டுவந்து கருவறையில் நிறுவினார்கள். அன்றிலிருந்து நாள்தோறும் பூசை நடக்கிறது. பிரதோஷ நாட்களில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களுக்கு இடையே நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சொலவடை மாறவில்லை என்பதும், அதைச் சொல்கிறவர்களில் பலர் அதே கோயிலில் தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் என்பதும் எனக்கு நெடுநாளாக வியப்பாக இருந்துவந்த செய்திகள். கண்ணால் கண்டதைவிடக் காதில் முதலில் விழுந்தது வலுவாக நிற்கிறது.

முதலில் மனதில் விழும் எண்ணம் தவறாக இருந்துவிடுவது அவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் கருதவில்லை. தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். அந்த எண்ணம், நாம் அடுத்து எதைத் தேட வேண்டும், எதைக் கேட்கவே வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து. அதைப் பொய்யாக்கக்கூடிய சான்று எங்கே இருக்கிறதோ, அந்தப் பக்கம் நாம் போவதே இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆற்றுக்கும், தொழுநோயாளிகளான ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கும் இதனால் நேர்ந்ததை அறிந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில் ஆறு. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கடந்து, வாயலூர் அருகே கடலில் சேரும் பாலாறு, ஆண்டு முழுவதும் மேலே நீர் தெரிய ஓடும் ஆறாக இருந்ததில்லை. மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும், மற்ற மாதங்களில் நீர் மணலுக்கு அடியில் நகர்ந்துகொண்டிருக்கும். இதை நன்றாக அறிந்திருந்த வட ஆர்க்காட்டு விவசாயிகள் ஆற்று மணலில் நீளவாக்கில் ஊற்றுக்கால் வெட்டி, அதில் ஊறிய நீரை மெல்லக் கரைக்கு ஏற்றி வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அது மணலால் தூர்ந்துவிடும் என்பதால், பாசனம் பெறும் ஊர்கள் ஆள் அனுப்பி மறுபடி வெட்டின. இந்த ஆற்றுக்கு இந்த வேளாண்மை என்று பொருத்தமாக அமைந்த ஏற்பாடு அது.

விரிஞ்சிபுரத்துப் பக்கம் என் பாட்டி வீட்டில் கோடை விடுமுறைக்குப் போனபோதெல்லாம் குடிநீர் ஆற்றிலிருந்துதான் வந்தது. மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் வெளிர்நிற மணல் கருத்து ஈரமாகும். இன்னும் ஒரு சாண் போனால் பள்ளத்தின் அடியில் கலங்கிய நீர் சேரும். அந்தக் கலங்கலை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், அடியில் கிடக்கும் மணல் ஒவ்வொன்றாகத் தெரியும்படி தெளிந்த நீர் வந்து நிற்கும். அதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு, வெள்ளைத் துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். "அவசரப்படாத கண்ணு, ஊறட்டும்" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். பாலத்தின் மேல் பேருந்தில் போகிறவர்களுக்கு அதே இடம் வறண்ட ஆறு. அவர்கள் பார்த்ததும் பொய்யில்லை. மேலே நீர் இல்லைதான். ஆனால் 'இல்லை' என்று முடிவான இடத்தில் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

வறண்ட ஆறு என்று பெயர் நிலைத்துவிட்ட பிறகு நடந்தவை எல்லாம் அந்தப் பெயரின் வெளிச்சத்திலேயே பார்க்கப்பட்டன. தண்ணீர்தான் இல்லையே, மணலை எடுத்தால் என்ன என்று லாரிகள் இறங்கின. நீரைத் தாங்கி நின்றதே அந்த மணல் என்பதால், மணல் போகப் போகக் கரையோரக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. கிணறு வற்றியதும், பார்த்தீர்களா, இது வறண்ட ஆறு என்பதற்கு அதுவே இன்னொரு சான்றாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றுப்படுகையில் இறங்கியபோதும், ஓடாத ஆற்றில் விட்டதால் யாருக்கு என்ன கெடுதல் என்ற எண்ணமே முதலில் இருந்தது. அடியில் ஓடிக்கொண்டிருந்த நீர் அதைச் சுமந்துபோய்க் கிணறுகளில் சேர்த்தது.

இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையோடு, முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. கெடுதல் நேரும் என்று விவசாயி நிரூபிக்க வேண்டியதில்லை, கெடுதல் இல்லை என்பதைத் தொழில் நடத்துகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று அது பொறுப்பை இடம் மாற்றி வைத்தது. நான் அந்தத் தீர்ப்பை எப்போதும் இந்தக் கோணத்திலேயே நினைத்துக்கொள்கிறேன்: மனிதர்கள் எந்த அனுமானத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதையே ஒரு நீதிமன்றம் மாற்றி எழுதியது. தொடக்கம் மாறினால், அதே கிணற்று நீரின் அதே பரிசோதனை அறிக்கை வேறொன்றைச் சொல்லத் தொடங்கும்.

பிறகு 2021 நவம்பர் வந்தது. பாலாற்றில் ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் நீர் வந்தது. ஆற்றில் நீரே வராது என்று நம்பி ஓரங்களில் எழுந்திருந்த வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வாணியம்பாடியை அழித்த 1903ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பெரியவர்கள் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், அது ஒரு கதையாகவே எங்கள் காதில் விழுந்திருந்தது.

ஒரு மங்கலான முதல் ஊகம், பிறகு வரும் தெளிவான காட்சியைக்கூட எப்படித் தடுக்கிறது என்பதை அறிவியலாளர்கள் சோதனைச்சாலையில் காட்டியிருக்கிறார்கள். ஜெரோம் புரூனர், மேரி பாட்டர் என்ற இருவர் 1964இல் வெளியிட்ட ஆய்வு அது. சாதாரணப் பொருள்களின் படங்களைத் திரையில் மங்கலாகக் காட்டி, மெல்ல மெல்லத் தெளிவாக்கிக்கொண்டு போனார்கள். ஓரளவு தெளிந்த நிலையில், எல்லோருக்கும் ஒரே இடத்தில் நிறுத்தி, என்ன படம் என்று கேட்டார்கள். சிலர் படம் மிக மங்கலாக இருந்த கட்டத்திலிருந்தே பார்த்தார்கள்; சிலர் ஓரளவு தெளிந்த பிறகே பார்க்கத் தொடங்கினார்கள். நீண்ட நேரம் பார்த்தவர்கள்தான் நன்றாகக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. மங்கலில் தொடங்கியவர்கள் ஏதோ ஒன்றை ஊகித்துவிட்டார்கள். படம் தெளிந்துகொண்டே வந்தபோதும் அந்த ஊகத்தோடு பொருத்தியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமதமாக வந்து குறைவாகப் பார்த்தவர்கள் அவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். ஒரு துறையில் முப்பது ஆண்டு அனுபவம் என்று யாராவது சொல்லும்போது, அவர் எந்த மங்கலில் தொடங்கினார் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

மனிதர்களைப் பார்ப்பதிலும் இதே கதைதான். சாலமன் ஆஷ் 1946இல் செய்த சோதனையில், ஒருவரைப் பற்றிய ஆறு குணங்களின் பட்டியலை இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார். அறிவாளி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்பது ஒரு குழுவுக்குக் கிடைத்த வரிசை. மற்றக் குழுவுக்கு அதையே தலைகீழாகக் கொடுத்தார். சொற்கள் ஒன்றே. ஆனால் 'அறிவாளி' என்று தொடங்கியவர்கள் திறமையான ஒரு மனிதரின் சிறு குறைகளாகப் பின்னவற்றைப் படித்தார்கள். 'பொறாமைக்காரர்' என்று தொடங்கியவர்கள், குறைகளால் திறமை கெட்டுப்போன ஒருவரைக் கண்டார்கள். அதே பிடிவாதம் ஓரிடத்தில் கொள்கைப் பிடிப்பாகவும் இன்னோரிடத்தில் முரட்டுத்தனமாகவும் பொருள்பட்டது.

1950இல் ஹெரால்ட் கெல்லி செய்த சோதனை இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் ஆள் நேரிலேயே வந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களிடம், இன்று உங்களுக்கு ஒரு விருந்தினர் வகுப்பு எடுப்பார் என்று சொல்லி அவரைப் பற்றிய சிறு குறிப்பைக் கொடுத்தார்கள். எல்லாக் குறிப்புகளும் ஒன்றுபோலவே இருந்தன. சிலவற்றில் மட்டும் அவர் மிகவும் அன்பானவர் என்றும், சிலவற்றில் அவர் சற்று ஒட்டாதவர் என்றும் இருந்தது. அதே அறையில், அதே மனிதர் நடத்திய அதே இருபது நிமிடக் கலந்துரையாடல். அன்பானவர் என்று படித்தவர்களில் 56 விழுக்காட்டினர் பேச்சில் கலந்துகொண்டார்கள். ஒட்டாதவர் என்று படித்தவர்களில் 32 விழுக்காட்டினர் மட்டுமே வாய் திறந்தார்கள். மதிப்பீட்டிலும் முன்னவர்கள் அவரை நல்லவராகவும் பின்னவர்கள் சிடுசிடுப்பானவராகவும் எழுதினார்கள். பேசாமல் இருந்தவர்களுக்கு, அவர் எப்படிப் பதில் சொல்வார் என்று அறியும் வாய்ப்பே கிடைக்கவில்லை. தாங்கள் விலகி நின்றதன் விளைவை அவருடைய குணம் என்று அவர்கள் வாசித்தார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் பற்றி முந்தைய ஆண்டு ஆசிரியர் ஒருவரி சொல்லிவிட்டுப் போகும்போது என்ன நடக்கிறது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

ஒரு மனிதரைப் பற்றிய முன்முடிவு அவர் சொல்லும் செய்தியின் மேலும் படியும் என்பதற்கு எங்கள் கோட்டையே சாட்சி. 1806 ஜூலை 10 அன்று விடியும் முன் அங்கே வெடித்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி, அதற்குச் சில வாரங்கள் முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியான கர்னல் ஃபோர்ப்ஸிடம் எச்சரித்தார். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளைக் கொண்ட குழுவிடம் விடப்பட்டது. அவர்கள் இவன் நம்பத் தகாதவன் என்றார்கள். சொன்னவர் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கே சதியில் பங்கிருக்கலாம் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சொன்ன செய்தியைச் சோதிக்க வழிகள் இருந்தன. சொன்னவரைச் சோதித்ததோடு விசாரணை முடிந்தது. அந்த ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களும், ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்தபிறகு பல நூறு சிப்பாய்களும் உயிரிழந்தார்கள்.

அந்தப் புரட்சிக்குக் காரணமான புதிய தலைப்பாகையும் இவ்வாறே இரண்டு விதமாகப் படிக்கப்பட்டது. தோல் வில்லை வைத்த அந்தத் தலைப்பாகை, தளபதி கிரடோக்குக்குச் சீருடை ஒழுங்கு. சிப்பாய்களுக்கு அது ஐரோப்பியத் தொப்பி, மதம் மாற்றுவதன் முதல் படி. மறுத்தவர்களைச் சவுக்கால் அடித்ததும், இவர்கள் கட்டாயப்படுத்தத்தான் வந்திருக்கிறார்கள் என்ற அச்சம் உறுதியாயிற்று. ஒரு பக்கத்தின் அனுமானத்தை மறுபக்கத்தின் செயல் மெய்ப்பித்துக்கொண்டே போனது. மக்கான் சந்திப்பு நினைவுத்தூணில் ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அடக்குமுறையையும் வீரத்தையும் நினைக்கும் அந்த நாளில், சிறையில் கிடந்த அந்த மனிதரின் கசப்பான எச்சரிக்கையையும் ஒரு கணம் நினைக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த செய்தி.

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று நூற்றாண்டுகளாக உலகம் நம்பியது. 1873இல் நார்வேயின் அர்மாவ்ர் ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை. கிருமி சதையைத் தின்கிறது என்று அதற்கு ஒரு புதிய விளக்கம் கிடைத்தது, அவ்வளவுதான். மருத்துவர்களும் விலக்கில்லை. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது என்று அவர்கள் கருதியதால் யாரும் அறுவை செய்யவில்லை; யாரும் செய்யாததால், ஆறுமா ஆறாதா என்று தெரியவும் வழியில்லை. இந்தச் சுழலிலேயே தலைமுறைகள் கழிந்தன.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலை பழகியவர். எலும்பு அறுவை மருத்துவராக 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு அருகே திருமணியில் ராபர்ட் கோக்ரேன் நடத்திய தொழுநோய் இல்லத்துக்குப் போனபோது, விரல்கள் கொக்கியாக மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று எல்லோரும் எண்ணியிருந்த அந்தக் கையின் பிடியில் அவருக்கு வலித்தது. முன்கையின் தசைகள் நல்ல வலுவோடு இருந்தன. உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. ஆயிரம் பேர் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்த கையை ஒருவர் பிடித்துப் பார்த்தார் என்பதிலிருந்து எல்லாம் தொடங்கியது.

இறந்த நோயாளி ஒருவரின் நரம்புகளை முழு நீளமும் பிரித்துப் பார்த்தபோது அவை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி கெட்டிருக்கவில்லை. முழங்கைக்கு மேலே, மணிக்கட்டு அருகே, கணுக்கால் அருகே என்று, நரம்பு தோலுக்கு நெருக்கமாக வந்து குளிர்ச்சியாக இருக்கும் இடங்களில் மட்டும் அது தடித்திருந்தது. அந்தக் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகளே உவப்பானவை. அதனால்தான் அந்த இடத்துக்கு மேலே பிரிந்துபோகும் கிளைகளால் இயங்கும் முன்கைத் தசைகள் தப்பித்தன. அப்படியானால் நல்ல தசை ஒன்றை எலும்போடு பிணைக்கும் நாணை எடுத்து, செயலிழந்த விரலில் இணைத்துத் தைக்கலாம். 1948இல் வேலூரில் அவர் அந்த அறுவையைச் செய்தார். கெட்ட சதை என்று சொல்லப்பட்ட சதை, மற்றவர்களின் சதையைப் போலவே ஆறியது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சியது. சதை நல்ல சதை என்றால் விரல்கள் ஏன் குறைகின்றன? ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருப்பித் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்தால் இரத்தம். சாவி சதையைக் கிழித்து எலும்புவரை இறங்கியிருந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. நமக்கு வலி எந்த இடத்தில் 'போதும்' என்று சொல்லித் தடுக்கிறதோ, அந்த இடத்தில் அவனைத் தடுக்க ஒன்றும் இல்லை. இரவில் படுத்து எழுந்தால் விரலின் ஒரு பகுதி காணாமற்போகிறது என்ற புகாரையும் பிராண்டின் குழு விடவில்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது எலி வந்து கடித்தது. உறங்குகிறவருக்கு உணர்வில்லாததால் விழிப்பு வரவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். விரல் போவது நோயின் இயல்பு என்று முடிவுகட்டியிருந்தவர்கள், ஒவ்வொரு புண்ணும் எந்த நாளில், எந்தச் செயலால் வந்தது என்று கேட்டதில்லை. கேட்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது: சூடான பாத்திரம், மண்வெட்டிப் பிடியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி, கணுக்கால் பிசகியதே தெரியாமல் நடந்த நடை. நவஜீவ நிலையம் என்ற பெயரில் கல்லூரி வளாகத்தில் அமைந்த சிறு குடியிருப்பில், தினமும் கைகளைச் சோதித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. விரல்கள் குறைவது நின்றது.

1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸும் இந்தப் பணியின் தொடர்ச்சி. உணர்விழந்த பாதங்களுக்காக இங்கே உருவான எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்குகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. வலது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே புண் வந்து ஆறாமல் இருந்தது. சர்க்கரைப் புண், அது உள்ளிருந்து வருவது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரத்தத்தில் சர்க்கரை கூடினால், பார்த்தீர்களா என்பார்கள், குறைந்தால் இனி ஆறும் என்பார்கள். கட்டுப்போட வந்த செவிலியர் புண்ணைச் சிறிதுநேரம் பார்த்துவிட்டு, "வாசல்ல கெடக்குற செருப்ப எடுத்தாங்க, பாக்கலாம்" என்றார். பேரன் கொண்டுவந்து கொடுத்தான். அவர் செருப்பைத் திருப்பி, அடிப்பாகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, பிறகு உள்பக்கத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். சீமைக்கருவேல முள் ஒன்று அடியில் ஏறி, உடைந்து, மேலே அரிசி முனை அளவு நீட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒவ்வொரு அடியிலும் அதன்மேல் நடந்துகொண்டிருந்தார். "குத்தவே இல்லியேம்மா" என்றார் அவர். சாவியைத் திருகிய அந்தச் சிறுவனும் இதைத்தான் சொல்லியிருப்பான். அந்தச் செவிலியருக்கு அந்த வீட்டில் யாரையும்விட அதிக நேரம் கிடைக்கவில்லை. அவர் வேறொரு கேள்வியோடு வந்தார்.

தொழுநோயைப் பற்றிய முதல் எண்ணம் இன்றும் வேறொரு வழியில் கெடுதல் செய்துகொண்டிருக்கிறது. தொழுநோய் என்றதும் விரலற்ற கைதான் நம் மனக்கண்ணில் வருகிறது. அது சிகிச்சையே பெறாமல் ஆண்டுக்கணக்கில் கழிந்த பிறகு வரும் நிலை. நோயின் தொடக்கம் பெரும்பாலும் ஒரு தேமல், சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளுத்தோ சிவந்தோ இருக்கும், அரிக்காது, வலிக்காது. வலிக்காதது ஆபத்தில்லாதது என்பது நம் எல்லோருக்கும் இயல்பான அனுமானம் என்பதால், இந்த நோயில் எது அடையாளமோ அதையே ஆறுதலாக எடுத்துக்கொள்கிறோம். இதன்மேல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியதும், பொதுச் சுகாதாரச் சிக்கலாக அது நீங்கிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி, நோயே போய்விட்டது என்பதாக மக்கள் மனதில் பதிந்தது. இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். போய்விட்ட நோயை யாரும் தேடுவதில்லை என்பதால், தேமலுக்குப் பூசும் களிம்பை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருக்கும் பலர், நரம்பு கெட்ட பிறகே சரியான இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

சோதித்துப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பஞ்சைத் திரித்து மெல்லிய நுனியாக்கிக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு, அவரைக் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். நல்ல தோலில் ஒருமுறை, தேமலின் நடுவில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். நல்ல தோலில் தொட்டதைச் சரியாகக் காட்டுகிறவர், தேமலில் தொட்டதை உணராமல் இருந்தால், அன்றைக்கே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டும். கூட்டுமருந்து இலவசமாகத் தருகிறார்கள். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். வீட்டைவிட்டு விலக்கி வைக்கத் தேவையே இல்லை. பெரும்பாலானோர் உடலில் இந்தக் கிருமிக்கு இயற்கையாகவே எதிர்ப்பு உண்டு, மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே தொற்றும் ஆற்றலும் போய்விடும். வீட்டில் யாருக்காவது அரிக்காத, வலிக்காத தேமல் நெடுநாளாக இருந்தால், இன்று மாலையே அந்தப் பஞ்சுத் திரியை எடுங்கள்.